படுக்கையருகே ஒரு குப்பி

நோயைப் போக்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்ற ஒருவர், தாம் கொண்டுபோகாத வேறொரு நோயை அங்கே பெற்றுக்கொண்டு துன்புறுகிறார் என்பது இக்காலத்திலும் நடக்கக்கூடியதே என்றால் நம்மிற் பலர் நம்பத் தயங்குவர். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையோ, ஆஸ்பத்திரிகளில் சேர்ந்து சிகிச்சை பெறும் 100 நோயாளிகளுள், செல்வம் மிகுந்த நாடுகளில் 7 பேரும், நடுத்தரமும் குறைவுமான வருமானமுள்ள நாடுகளில் 15 பேரும் அங்கேயே குறைந்தது ஒரு தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்றும், அவ்வாறு ஆளானவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதனாலேயே உயிர் துறக்கிறார் என்றும் கூறுகிறது. இத்தொற்றுகளிற் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை என்பதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது.

கிருமி பெரும்பாலும் கைகளின் வழியாகவே பயணம் செய்கிறது. இதனை அறியாத டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறிவான். அங்ஙனமிருக்க, அறிந்தவர்களின் கைகளே ஏன் கழுவப்படாமற் போகின்றன என்ற கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய வைத்திய உலகத்தின் பெருமுயற்சிகளுள் ஒன்றாக இருக்கிறது.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிண அறையிலிருந்து பிரசவ அறைக்கு நேரே வரும் மாணவர்களின் கைகளே தாய்மார்களின் மரணத்துக்குக் காரணம் என்பதைத் தம் நண்பர் ஒருவரின் பரிதாபமான மரணத்திலிருந்து ஊகித்துணர்ந்து, 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே எவரும் கர்ப்பிணிகளைத் தொடவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் 100-க்கு 18-ஆக இருந்த மரணம் ஜூனில் 2 அளவுக்கு இறங்கிற்று. இவ்வளவு பிரத்தியட்சமான சான்று இருந்தும், சக வைத்தியர்கள் அவரை ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய சாஸ்திரம் அப்போது பிறந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம்; தங்கள் கைகளே கொன்றன என்று ஒப்புக்கொள்ள மனிதமனம் எளிதில் இசைவதில்லை என்பது மற்றொன்று. தம்மை மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே அவர் பகிரங்கமாகச் சாடியதும் பயன் தரவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம், பிறர் பழக்கத்தை மாற்றுவது முற்றிலும் வேறொரு காரியம் என்பதற்கு அவருடைய வாழ்வினும் துயரமான உதாரணத்தை நான் அறியேன்.

அந்த இரண்டாவது காரியத்துக்கு வழி காட்டியவர்களில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜெனிவா நகரத்து டாக்டர் டிடியே பிட்டே. அவர் எவரையும் கடிந்துகொள்ளாமல், முதலிற் கணக்குப் பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு நர்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தடவை கைகளைச் சுத்தம் செய்யவேண்டிய சந்தர்ப்பம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் தொட்டிக்கு நடந்து, சோப்பிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகுமானால், விதியை வழுவாமற் கடைப்பிடிப்பவளுக்கு ஒரு மணியில் ஏறக்குறைய அரைமணி தொட்டியடியிலேயே கழிந்துவிடும். நோயாளியைக் கவனிப்பது யார்? ஆகவே குற்றம் நர்ஸினுடைய சிரத்தையில் இல்லை, வேலை அமைந்திருக்கும் முறையில் இருக்கிறது என்று அவர் தெளிந்தார். ஆல்கஹால் கலந்த திரவத்தைக் குப்பியில் அடைத்துப் படுக்கையருகிலேயே வைத்தார். சுவர்களிற் சித்திரங்களை ஒட்டச்செய்தார். எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்பதை அளந்து அவர்களிடமே திரும்பச் சொன்னார். 1994 முதல் 1997 வரையிலான காலத்தில், கைச்சுத்தம் 100-க்கு 48-லிருந்து 66-ஆக உயர்ந்தது. ஆஸ்பத்திரித் தொற்று 1998-க்குள் 100-க்கு 16.9-லிருந்து 9.9-ஆகக் குறைந்தது. இன்று மலேசியாவின் வார்டுகளிற் கட்டில்களின் அருகே காணும் குப்பிகளுக்கு மூலம் அதுவே.

அந்தக் குப்பியை எப்பொழுது தொடுவது என்பதையும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடுமுன்; ஊசியேற்றுதல், புண் கட்டுதல் போன்ற சுத்தமான காரியத்துக்கு முன்; இரத்தம் முதலியவை பட்ட பின்; நோயாளியைத் தொட்ட பின்; அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டிலின் கம்பியையோ மேஜையையோ தொட்ட பின். எளிதில் மறக்கப்படக்கூடியது இறுதியானது. கட்டிற் கம்பியும் திரைச்சீலையும் மருந்தேற்றும் இயந்திரத்தின் பொத்தானும் கண்ணுக்குச் சுத்தமாகவே தோன்றும் அல்லவா? தேய்க்கும் முறையிலும் இத்தகைய ஓர் ஏமாற்றம் உண்டு. ஒளிரும் பொடி கலந்த திரவத்தைப் பூசி, புற ஊதாக்கதிர் விளக்கின் கீழே கைகளை நீட்டிப் பார்க்கும் பயிற்சியில், உள்ளங்கை முழுவதும் பளிச்சென்று தெரிய, கட்டை விரலின் அடிப்புறமும் விரல் நுனிகளும் இருண்டு கிடப்பதைப் பலரும் கண்டு திகைப்பர். நோயாளியின் நாடியைத் தொடுவதோ அந்த நுனிகள்தாம். திரவத்தால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீருமாயின் 40 முதல் 60 விநாடி செலவிட்டாலன்றி முழுக்கையும் சுத்தமாகாது. கையுறை அணிந்துவிட்டால் கழுவவேண்டியதில்லை என்று எண்ணுவதும் தவறு. ஒரே கையுறையோடு இரண்டு கட்டில்களுக்குச் செல்பவர் தம்மை மட்டுமே காத்துக்கொள்கிறார்.

ஜொகூரில் வாழும் நமக்கு இவ்விஷயம் தூரதேசத்துச் செய்தி அன்று. கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் டான் டொக் செங் ஆஸ்பத்திரியில், ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஓர் இளம்பெண் 2003 மார்ச்சில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டார். அது சார்ஸ் என்பது தெரிவதற்குள் உடனிருந்தோருக்கும் பணியாளருக்கும் பரவி, அந்நாட்டில் 238 பேரைப் பீடித்து 33 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பீடிக்கப்பட்டோரில் 100-க்கு 40 பேர் அளவில் வைத்திய ஊழியர்கள். இங்கிருந்து தினந்தோறும் பாலத்தைக் கடந்து அந்நகரத்து ஆஸ்பத்திரிகளில் ஊழியம் செய்வோரின் குடும்பங்கள் அந்த மாதங்களை மறந்திருக்கமாட்டா. மறுபடி 2020 ஜனவரி 25-ல் மலேசியாவின் முதல் மூன்று கோவிட் நோயாளிகள் அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வந்தவர்களாகவே இருந்தார்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாட்டின் முதல் கடும் நடமாட்டக் கட்டுப்பாடு சிம்பாங் ரெங்கத்தை அடுத்த கிராமங்களின்மீது விதிக்கப்பட்டது.

அந்நாட்களிற் கைகழுவாதவர் யார்? அச்சம் ஆசிரியனாக இருந்தவரையில் எல்லோரும் நல்ல மாணாக்கர்களாகவே இருந்தோம். அச்சம் விலகியதும் பழக்கமும் தளர்வது மனித சுபாவம். ஆகவேதான், அச்சத்தின்மேல் கட்டப்படும் சுகாதாரம் நிலைக்காது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். இதற்கு ஒரு பரிசோதனையும் ஆதரவாக நிற்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் சோப்புக் கருவிகளின்மேல் இரண்டு விதமான அறிவிப்புகளை ஒட்டினார்கள். கைகழுவினால் உமக்கு நோய் வராது என்றது ஒன்று, கைகழுவினால் நோயாளிகளுக்கு நோய் வராது என்றது மற்றொன்று. 2011-ல் வெளியான முடிவின்படி, முதலாவதனால் யாதொரு மாறுதலும் நிகழவில்லை. இரண்டாவது இருந்த இடத்தில் சோப்பின் செலவு தெளிவாகக் கூடியிருந்தது. வைத்திய ஊழியத்துக்கு வருபவரின் நெஞ்சில் பிறர்மேல் உள்ள கருணை எப்போதும் இருக்கிறது. அதனை நோக்கிப் பேசவேண்டும்.

இனி, அந்தஸ்து என்னும் தடையைச் சொல்லாமல் விடமுடியாது. பெரிய டாக்டர் கைகழுவாமற் படுக்கையை அணுகினால், நேற்றுச் சேர்ந்த இளம் மிஸி அவரைத் தடுப்பாளா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய இரத்தக்குழாயிற் குழல் செருகும்போது கைகழுவுதல் முதலான ஐந்து படிகளைத் தாளில் எழுதிவைத்து, ஒரு படி தவறினாலும் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்கு அளித்தார்கள். குழல்வழித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததென்று 2006-ல் அறிவிக்கப்பட்டது. அந்த ஐந்து படிகளிற் புதிய மருந்தோ புதிய கருவியோ ஒன்றுமில்லை. புதிதாக வந்தது சொல்லும் உரிமை.

நம் வார்டுகளிலும் அவ்வுரிமை தாதியரோடு நிற்கலாகாது. விடியற்காலையில் தரையைத் துடைத்து, கட்டிற் கம்பிகளையும் மேஜைகளையும் கழிவறைத் தாழ்ப்பாளையும் துலக்கும் ஒப்பந்தப் பணிப்பெண்கள் பலருக்கும், தாங்கள் செய்வது நோய் தடுக்கும் வேலை என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு நோயாளி போனபின் அடுத்தவர் வருமுன் அக்கட்டிலைச் சுத்தம் செய்யும் கைகளைக் காட்டிலும் முக்கியமான கைகள் அங்கே எத்தனை இருக்கின்றன? பயிற்சிக் கூடத்தில் அவர்களுக்கும் ஓர் ஆசனம் இருக்கவேண்டும். கைச்சுத்தக் கணக்கு வாசிக்கப்படும்போது அவர்களும் உடனிருக்கவேண்டும்.

நம்மவர் செய்யத்தக்கதும் உண்டு. உறவினர் படுத்திருக்கிறார் என்றால் குடும்பத்தோடு திரண்டு போவது நம் அன்பின் வழக்கம். ஆனால் கட்டிலின்மேல் உட்காருவதும், பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் அதே கையால் உணவூட்டிவிட்டு வருவதும், சளியும் இருமலுமாய்த் தாமே போவதும் அன்புக்கு விரோதமானவை. வாயிற்படியிலுள்ள குப்பியை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அழுத்துங்கள். வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தவர்கள் சோப்பும் நீருமே கொள்ளவேண்டும். சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் அழிப்பதில்லை. டாக்டரைத் தெய்வமாக எண்ணும் நம் பெரியவர்கள் அவரிடம் எதையும் கேட்கச் சங்கோசப்படுவார்கள். “டாக்டர் ஐயா, கை சுத்தம் செய்துவிட்டு அம்மாவைப் பாருங்கள்” என்று மகனோ மகளோ பணிவாகச் சொன்னால் நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார்.

ஆனால் ஜனங்களிடத்திலும் ஊழியரிடத்திலும் மட்டும் பொறுப்பைச் சுமத்திவிடுவது நியாயமாகாது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. நெரிசலான வார்டில் கூடுதற் கட்டில் ஒன்றைச் செருகும்போதும், இரண்டு நர்ஸுகள் பார்க்கவேண்டிய நோயாளிகளை ஒருவரே பார்க்கும்போதும், பிட்டே கணக்கிட்டுக் கண்ட நேரக்குறை மறுபடியும் தலைதூக்குகிறது. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி கைச்சுத்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நடக்கும் விழாவோடு, எத்தனை கட்டில்களருகே குப்பி காலியாகக் கிடந்தது, எத்தனை தொட்டிகளில் நீர் வரவில்லை, எத்தனை வார்டுகளில் ஆள் போதவில்லை என்ற கணக்கையும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எடுத்து நிர்வாகத்தின்முன் வைக்குமானால், அடுத்த ஆண்டுக்கு வேண்டிய வரவுசெலவுத் திட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.