கார் சக்கரத்தில் ஒடுக்கு: தட்டி நிமிர்த்தலாமா?

சாமை, புளி, தேன், கடுக்காய் கொள்முதலுக்காகப் போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்குச் சொந்தக் காரிலேயே ஏறி இறங்கும் வணிகர்கள் நம்மில் உண்டு. அம்பாசடர் ஓடிய காலத்தில் மலைப்பாதைக் குழியில் இறங்கி ரிம் வளைந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அடிவாரத்துப் பட்டறையில் நான்கு தட்டுத் தட்டி நிமிர்த்திக்கொள்வோம். அது இரும்பு ரிம். இன்று பல கார்களில் இருப்பது அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரம். அதையும் அதேபோல் தட்டச் சொல்கிறோமே, அங்கேதான் ஆபத்து.

பாத்திரக் கடை வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். அலுமினிய அண்டா பெரும்பாலும் கலப்பில்லாத, மிருதுவான உலோகம். ஒடுக்கெடுத்தால் பழையபடி ஆகிவிடும். கார் சக்கரமோ வார்ப்பு. அலுமினியத்துடன் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் சேர்த்து வார்க்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து, நீரில் சட்டெனக் குளிரவைத்து, மீண்டும் 150 டிகிரிக்கு மேல் மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். சக்கரத்தின் பலம் இந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

கேஸ் விளக்கைப் பிடித்துச் சூடாக்கினால் அந்தப் பதம் கெடும். இரும்பு சிவந்து காட்டும். அலுமினியமோ சிவக்காமலே 660 டிகிரியில் உருகும், இந்தக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். எவ்வளவு சூடேறியது என்று கண்ணுக்குத் தெரியாது. சில தொழிலாளர்கள் சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும்வரை சூடாக்குவார்கள். தகடு வளைக்க அருமையான உத்திதான். ஆனால் சோப்பு கறுக்கும் சூட்டில் சக்கரம் இளகிப்போய், அடுத்த குழியில் இன்னும் சுலபமாக வளையும். சூடே காட்டாமல் சுத்தியலால் அடித்தாலோ விரிசல் விடும்.

அப்படியானால் சரிசெய்யவே முடியாதா? விளிம்பில் மட்டும் சிறிய ஒடுக்கு என்றால் முடியும். டயரைக் கழற்றி, சூட்டை அளந்துகொண்டே ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக அழுத்தி நிமிர்த்தும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். சாயம் தடவி விரிசல் பார்த்தார்களா, சுழற்றி டயல் கேஜில் கோணல் அளந்தார்களா என்று கேட்க வேண்டும். சுழலும்போது 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நாம் ஏற்கமாட்டோம். செய்த வேலையைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது; நம் கடையில் நாம் தருவதைத்தானே கேட்கிறோம்!

விரிசல் கண்டாலோ, ஆரக்கால் பகுதி வளைந்திருந்தாலோ சக்கரத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்தால் புதிதுபோல் மின்னும். குடும்பத்தோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அது விட்டுவிட்டால், மிச்சம்பிடித்த பணத்தை யாரிடம் காட்டுவது? நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. அதே அளவில் ஒன்று வாங்கினால் போதும்.

ஒடுக்கு பெரும்பாலும் உள்விளிம்பில் விழுவதால் வெளியிலிருந்து தெரியாது. இரண்டு நாளுக்கொருமுறை காற்று இறங்குகிறதா, ஸ்டீயரிங் நடுங்குகிறதா, உடனே ஜாக்கி போட்டு உட்புறம் பாருங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் விட்டால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் டயரும் போயிற்று. மலைமேல் இப்படி நேர்ந்தால் ஸ்டெப்னியை மாட்டி, அதில் எழுதியுள்ள வேக வரம்புக்குள் இறங்கலாம்.

மலையேறும் முன் டயர் ஆறியிருக்கும்போதே காற்று பாருங்கள். பாரம் ஏற்றும்போது எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். காற்று குறைந்த டயரில்தான் குழியின் விளிம்பு நேராக ரிம்மைத் தாக்குகிறது. சக்கரம் சரிசெய்து மாட்டியபின் பேலன்சிங் பார்த்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.