இல்லாத சரக்கை விற்றவர்கள்!

கோவில்பட்டிக் கரிசல் காட்டிலே ஒரு சம்சாரி. செடியில் பருத்தி காய் பிடித்திருக்கிறது. விலை இறங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். "பங்குனியில் சரக்குத் தருகிறேன்" என்று இன்றைய விலைக்கே வியாபாரியிடம் பேசி முடிக்கிறார்.

விலை இறங்கினால் அவர் தப்பினார். ஏறினால் கூடுதல் லாபம் போகும், அவ்வளவுதான். கொடுப்பதற்குக் காட்டில் பருத்தி இருக்கிறது.

ஒரு செடி கூட இல்லாதவர் இப்படிப் பேசினால்? விலை ஏறும்போது, கேட்ட விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்!

பங்கு மார்க்கெட்டிலும் இந்த வியாபாரம் உண்டு.

இரவல் பங்கு

ஒரு கம்பெனியின் பங்கை இரவல் வாங்குவார்கள். உடனே 100 ரூபாய்க்கு விற்பார்கள். விலை 60 ஆனதும் திரும்ப வாங்கி, இரவலை அடைப்பார்கள். லாபம் 40 ரூபாய்.

விலை 300 ஆகிவிட்டால்? நட்டம் 200 ரூபாய்! விலை இறங்குவதற்கு எல்லை உண்டு. ஏறுவதற்கு எல்லை கிடையாது.

சூதாட்ட நகரம்

"பஞ்சம் வந்தாலும் சூதாட்ட விடுதிக்கு வருமானம் குறையாது" என்று பலர் நம்பினார்கள். 2008-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. பலருக்கு வேலை போயிற்று. லாஸ் வேகாஸ் நகரம் உள்ள நெவாடா மாநிலத்தில், 2007-ல் சுமார் 1,280 கோடி டாலராக இருந்த சூதாட்ட வருமானம், 2009-ல் சுமார் 1,040 கோடியாகக் குறைந்தது.

'லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ்' என்ற கம்பெனி பெருங்கடன் வாங்கி விடுதிகள் கட்டிக்கொண்டிருந்தது. 2007 அக்டோபரில் அதன் பங்கு 140 டாலருக்கு மேல். 2009 மார்ச்சில் 2 டாலருக்கும் கீழே!

இறங்கும் என்று முன்னரே விற்றவர்கள் பணத்தை அள்ளினார்கள்.

கதை திரும்பியது

ஆசை யாரை விட்டது? "இன்னும் இறங்கும்" என்று 2 டாலருக்கும் விற்றவர்கள் கதி என்ன?

சீனாவின் மக்காவில் கூட்டம் பெருகியது. 2010 ஏப்ரலில் சிங்கப்பூரில் அதே கம்பெனியின் 'மரீனா பே சாண்ட்ஸ்' திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் பங்கு சுமார் 45 டாலர். 2 டாலர் பெற்றவர், இரவலை அடைக்க 45 டாலர் கொடுக்க வேண்டும்!

மந்தம் வரும் என்று கணித்தது சரிதான். அது எப்போது முடியும் என்று கணிக்க முடியவில்லை.

100-க்கு 93 பேர்!

இன்று கோவில்பட்டியில் இருந்தபடியே செல்போனில் பங்கு மார்க்கெட்டில் பந்தயம் கட்டலாம். பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் 'செபி' 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளில், பங்குகளின் முன்பேர வியாபாரத்திலும் 'ஆப்ஷன்' வியாபாரத்திலும் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நட்டம் அடைந்தார்கள்!

சம்சாரியும் நாளைய விலையைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் பருத்தி இருந்தது. பருத்தி இல்லாமல் பேசுகிறவர், வீட்டையும் நகையையும் அல்லவா பின்னால் நிறுத்துகிறார்?