குளத்துப் பசுமையும் கணிப்பொறியும்

திருத்தணி மலையடியிலுள்ள சரவணப் பொய்கை போன்ற கோயிற் குளங்களின் நீர் பசுமை கொள்ளுமாயின், 'பாசி பிடித்தது' என்று கூறி அமைகின்றோம். எப்பாசி என்று வினவுவார் சிலரே. பலவற்றிற்கும் 'பாசி' என்னும் ஒரு பெயரே வழங்குவதும் இம்மயக்கத்திற்கு ஒரு காரணம். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியின் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சினை உண்டாக்குவன. குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியோ அவ்வாறு செய்வதன்று.

சென்னையிற் பாசிகளை ஆராய்ந்த எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963), ஃபிரிட்ஷியெல்லா என்னும் புதுப்பாசியை 1932-இல் உலகிற்கு அறிவித்தார். அந்நாளில் நுண்பெருக்கியிற் கண்டதைக் கையால் வரைதலே பெருவழக்கு. இன்றோ அதன்மேற் பொருத்திய டிஜிட்டல் கேமரா படம் பிடிக்கின்றது. கணிப்பொறி அப்படத்தைச் சிறு புள்ளிகளாகக் கொண்டு, ஒளியும் நிறமும் வேறுபடும் இடங்களில் எல்லை வகுத்து, உயிரணுக்களை எண்ணுகின்றது. அதற்குமுன், 1 மில்லிமீட்டரை 100 கூறாக்கிய கண்ணாடி அளவுகோலைப் படம் பிடித்து, ஒரு புள்ளி எத்துணை மைக்ரான் என்று பொறிக்கு அறிவித்தல் வேண்டும். இதனை மறந்தார் கண்ட அளவெல்லாம் பிழையே.

பெருந்தொல்லை வேறொன்றுண்டு. மைக்ரோசிஸ்டிஸ், பசைபோன்ற உறையுள் நூற்றுக்கணக்காய்த் திரண்டு கிடப்பது. அத்திரளை ஓருயிரணு எனப் பொறி எண்ணிவிடின், அஞ்சத்தக்க பாசி அற்பமாய்த் தோன்றும்! ஆதலின் திரளைப் பிரித்து எண்ணுதலும், ஐயமுள்ளவிடத்து அறிந்தார் ஒருவர் தம் கண்ணால் நோக்குதலும் இன்றும் ஒழிந்தபாடில்லை. கண்ட பாசி நஞ்சுடையதோ என்பதைப் படம் கூறமாட்டாது. அதற்கு நீரையே இரசாயன முறையிற் சோதித்தல் வேண்டும்.