ரெண்டு கொடுத்து ஒண்ணு!

ஆர்.கே.பேட்டை டீக்கடையில் என்னை மடக்கினார், தறி ஓட்டும் நண்பர். "ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனா? இதெல்லாம் ஒரு வியாபாரமா சார்?"

2025 நவம்பரில் சி.எஸ்.கே. செய்த மாற்று அது. 2008 ஏலத்தில் தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தோம். போனது பணம் மட்டும்தான். இப்போதோ, 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸர், ஃபோர் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரே போய்விட்டார்!

ஆனாலும், கணக்கு என்று ஒன்று இருக்கிறதே? அந்த வருஷம் நமக்குக் கடைசி இடம். ஜடேஜாவுக்கு 36 வயது, சாம்சனுக்கு 31. கீப்பர், அதிரடி பேட்ஸ்மேன், கேப்டனாக இருந்த அனுபவம்... மூன்றும் ஒரே ஆளிடம். தோனிக்கு அப்புறம் ஆள் வேண்டாமா?

"சரியான பேரம்தான்" என்றேன்.

"எங்கப்பாவும் பழைய தறி ரெண்டை வித்துப் புதுசு ஒண்ணு வாங்கினாரு. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா, வித்த அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடலை சார்!"

டீக்குக் காசை நானே கொடுத்தேன்.