கொல்லாமல் அறியும் கொழுப்பு

நார்வேயின் கடல் கூண்டுகளில் வளரும் இரண்டு சால்மன் மீன்கள் ஒரே வயதும் ஒரே எடையும் கொண்டவையாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றின் தசையில் கொழுப்பு மற்றதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கக்கூடும். தின்ற தீவனம் சதையானதா, கொழுப்பானதா என்பதை வெளித்தோற்றம் சொல்லாது.

ஆய்வகத்தின் பழைய வழி துல்லியமானது. மீனைக் கொன்று, தசையை அரைத்து, சுமார் 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தினால் நீரின் அளவு தெரியும். கரைப்பானில் கொழுப்பைப் பிரித்து எடை போடலாம். விடை கிடைத்துவிடும், மீன் போய்விடும்.

இனப்பெருக்க ஆய்வாளர்களுக்கு இது பெரிய இழப்பு. 1970களில் நார்வே விஞ்ஞானிகள் சுமார் 40 ஆறுகளிலிருந்து சால்மன்களைத் திரட்டி, தலைமுறை தலைமுறையாகச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். வேகமாக வளரும் மீனை உயிரோடு எடை போட்டே கண்டுபிடிக்கலாம். கொழுப்பை அறியவோ உடன்பிறந்த மீன்களை அறுத்து, உயிரோடிருக்கும் மீனைப் பற்றி ஊகிக்க வேண்டியிருந்தது. உடன்பிறப்புகள் சராசரியாகப் பாதி மரபணுக்களையே பகிர்கின்றன. ஒரே குடும்பத்துக்குள் எது சிறந்தது என்பதை அந்த ஊகம் காட்டாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வழிகாட்டியது மீனின் உடலே. தசையில் கொழுப்பு ஏற ஏற நீர் குறைகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து தசையின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம். ஆகவே நீரை அளந்தால் கொழுப்பையும் கணக்கிட்டுவிடலாம்.

நீர் நுண்ணலைகளோடு வலுவாக வினைபுரியும், கொழுப்பு அப்படியல்ல. மயக்க மருந்து கலந்த நீரில் அமைதியடைந்த மீனின் தோல்மீது கையடக்கக் கருவியை வைத்தால், நுண்ணலை நீரின் அளவைச் சில நொடிகளில் உணர்த்துகிறது. மின்தடை முறை வேறு வழியில் செல்கிறது. உப்புகள் கரைந்த உடல்நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் தடைபடும். அதனால் உணரவே முடியாத அளவு மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி அந்தத் தடையை அளக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியிலோ நீரும் கொழுப்பும் வெவ்வேறு அலைநீளங்களை விழுங்குகின்றன: நீர் சுமார் 970 நானோமீட்டரில், கொழுப்பு சுமார் 930-இல். சிடி ஸ்கேன் இவற்றையெல்லாம் விஞ்சுகிறது. அடர்த்தி குறைந்த கொழுப்பு எக்ஸ்ரேயைக் குறைவாகவே தடுப்பதால், தசைக்குள் இருப்பதையும் குடலைச் சுற்றிப் படிந்ததையும் தனித்தனியே காட்டிவிடும்.

இக்கருவிகள் எதுவும் தானாகப் பேசாது. முதலில் சில மீன்களை அளந்து, பிறகு அவற்றையே அறுத்துச் சோதித்து, கருவியின் எண்ணையும் ஆய்வக விடையையும் பொருத்தியாக வேண்டும். மீனின் உடல் வெப்பநிலை மாறினால் மின்தடையும் மாறும். வால் பக்கத்தைவிட வயிற்றுப் பக்கம் கொழுப்பு மிகுதி. எனவே எப்போதும் ஒரே இடத்தில் அளப்பது கட்டாயம்.

இந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் பலன் பெரிது. ஒரே மீனைக் கோடையிலும் குளிரிலும் அளந்து, அதன் உடலில் கொழுப்பு எப்போது சேர்கிறது, எப்போது கரைகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். சோதனையில் சிறந்ததென்று தேறிய மீனே அடுத்த தலைமுறைக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆகலாம்.