பறவை பார்க்க எந்தப் பைனாகுலர்?

பறவைகளைக் கவனிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர் அன்று. ஒரு குறிப்பேடும் பென்சிலும்தான். செம்போத்து, கொண்டலாத்தி, வால்காக்கை, தையல்சிட்டு ஆகியவை வேலியோரத்திலும் பள்ளி மைதானத்திலும் வெறுங்கண்ணுக்கே அகப்படும். அலகின் வடிவம், வாலின் நீளம், காலின் நிறம், பார்த்த இடம், நேரம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும்.

ஆனால் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் வெறுங்கண் போதாது. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நீருக்குள் நிற்கும் மரத்தில் அது கூடு கட்டியிருக்க, கரையிலிருந்து அந்த இடைவெளியைக் காணக் கருவி வேண்டும். அப்போதுதான் வீட்டில் பணம் கேட்க நேர்கிறது. அந்தப் பணம் வீணாகாமலிருக்கக் கொஞ்சம் இயற்பியல் உதவும்.

பைனாகுலரின் மேல் 8×40 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் இருப்பது போலத் தெரியும் என்பது இதன் பொருள். இரண்டாவது எண், பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்.

முதல் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அது சரியன்று. கருவி பறவையைப் பெரிதாக்கும்போது நம் கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. 20 மடங்கு கருவியைத் தாங்கியின்றிப் பிடித்தால் கொக்கு நடனமாடும்! பார்வைப் புலமும் குறுகிவிடும். எட்டு மடங்கு கருவியில் அது ஏறத்தாழ 7 டிகிரி. 20 மீட்டர் தள்ளியுள்ள வேப்பமரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் அகலத்தை ஒரே பார்வையில் காணலாம். 20 மடங்கில் புலம் 3 டிகிரி அளவே இருக்கும். ஒரு மீட்டர்தான் தெரியும். அதற்குள் தையல்சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

இனி வெளிச்சம். வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×40 கருவிக்கு 5 மி.மீ.; 10×25 கருவிக்கு 2.5 மி.மீ. நண்பகலில் நம் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் இரண்டிலும் அதிக வேறுபாடு தெரியாது. ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். அப்போது கண்பாவை 5 மி.மீ. வரை விரிந்தால், முதல் கருவி இரண்டாவதைப் போல் நான்கு மடங்கு ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தும். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா?

இந்த வகுத்தல் கணக்கிலேயே ஏமாற்றையும் கண்டுபிடிக்கலாம். திருவிழாக் கடைகளில் ‘30×60’ என்று பொறித்த சிறு பைனாகுலர்கள் விற்கின்றன. ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். முன் வில்லையை அளந்தால் 60 மி.மீ. இராது, 24 மி.மீ. இருந்தால் அதிகம். பிறகு கருவியை வானத்தை நோக்கித் திருப்பி, கண்ணிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கண்ணருகு வில்லையில் ஒளிவட்டம் மிதப்பது போலத் தெரியும். அளவுகோலைக் குறுக்கே வைத்து அளந்தால் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8. முப்பது மடங்கு என்று விற்றது எட்டு மடங்குதான்! கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அந்த ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரு குவிவில்லைகள் தலைகீழாகக் காட்டும் பிம்பத்தை நிமிர்த்த உள்ளே முப்பட்டகங்கள் உள்ளன. இத்தாலியரான போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒளி 45 டிகிரிக் கோணத்தில் நான்கு முறை முழு அக எதிரொளிப்பு அடைகிறது. சாதாரணக் கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 41 டிகிரி. ஆகவே நடுவில் வரும் கதிர்கள் தப்பிப்பதில்லை. சாய்ந்து வரும் ஓரக் கதிர்களில் சில கசிந்துவிடும். ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடியில் இக்கசிவு குறைவு. வட்டத்தின் ஓரங்கள் நறுக்கியது போல மங்கியிருந்தால் கண்ணாடி மட்டம் என்று கொள்ளலாம்.

பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். இதைத் தடுக்க, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்பவர் 1935-இல் மெல்லிய பூச்சுமுறையைக் கண்டறிந்தார். நல்ல பூச்சு இலேசான ஊதா அல்லது பச்சைச் சாயலில் மங்கலாக மின்னும். மாணிக்கம் போல் செக்கச்செவேல் என்று பளபளப்பதை வாங்காதீர்கள். அது சிவப்பு ஒளியை வெளியே தள்ளுகிறது. மீன்கொத்தியின் சிவந்த அலகு எப்படிச் சரியாகத் தெரியும்?

எனவே 8×40 அல்லது 8×42 போதும். ஒன்றை இருவர் மூவராகச் சேர்ந்தும் வாங்கலாம். ஒவ்வொருவரும் தமக்கேற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பின்பு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதனால் பார்க்கக் கூடாது. விழித்திரை நொடியில் கருகிவிடும்.

மழைக்காலத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும். மருந்துப் புட்டிகளுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.