எடை குறைந்த பிள்ளைக்கும் படுக்கைப் புண் வருமா?

படுக்கைப் புண் என்றாலே பக்கவாதத்தில் விழுந்துவிட்ட தாத்தாவோ பாட்டியோதான் நம் நினைவுக்கு வருவார்கள். இரண்டு கிலோகூடத் தேறாத பச்சிளங்குழந்தைக்கும் அது வரும் என்றால் நம்புவது கடினம். டீ ஆறுவதற்குள் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

தோலுக்கு ரத்தம் கொண்டுவருபவை தந்துகிகள் என்னும் மிக மெல்லிய குழாய்கள். அவை நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் ரத்தம் ஓடாது. ஆக்சிஜன் கிடைக்காமல் தோலும் தசையும் சாகத் தொடங்கும். நாம் தூக்கத்திலேயே புரண்டு படுத்துத் தப்பித்துக்கொள்கிறோம். மயக்க மருந்தோடு வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை எப்படிப் புரளும்?

பெரியவர்களுக்கு இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் புண் வரும். கைக்குழந்தைக்குப் பின்னந்தலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். அங்கே எலும்பை மூட அதிகச் சதையும் கிடையாது.

எல்லாரும் தவறுவது அடுத்த படியில். எடை இருந்தால்தான் அழுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். அரைஞாண் கயிற்றுக்கு என்ன எடை? சற்று இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தடம் விழுந்துவிடுகிறதே! மூக்கில் பொருத்தும் சி-பாப் குழாய், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ட்ரிப் ஊசிக்குக் கட்டும் பட்டை, மாவுக்கட்டு எல்லாமே அப்படி அழுத்தக்கூடியவை. இப்படி அழுத்தத்தால் வருவதால்தான் படுக்கைப் புண்ணை அழுத்தப் புண் என்றும் சொல்வார்கள்; குழந்தைகளுக்கு வருபவற்றில் பெரும்பங்கு இவற்றால்தான். குறைமாதக் குழந்தைக்குத் தோலின் மேலடுக்கே சரியாக முதிர்ந்திருக்காது; அதனால் ஆபத்து இன்னும் கூடுதல். குழந்தைகளுக்கு இந்தப் புண் வரும் ஆபத்தை மதிப்பிட 2018இல் வெளியான 'பிரேடன் க்யூடி' என்ற அளவுகோல், குழந்தையின் உடலில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுப்பது இதனால்தான்.

தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். நைந்த திசு மேலும் நையும். வளையம்போல் துணி சுற்றித் தலைக்கடியில் வைப்பதும் வேண்டாம். அழுத்தம் வளையத்தின் விளிம்புக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கருவிகளையும் நாமாகத் தளர்த்தக் கூடாது. "சிஸ்டர், இதைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்து, அடியில் தோலைப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்காக நாம்தானே கேட்க வேண்டும்.